கேல் நகரின் இல்லுறை பேணல்

பெல்ஜியம் நாட்டின் வடபால், ஆண்ட்வெர்ப் மாநிலத்தைச் சார்ந்த கெம்பன் என்னும் மணற்பாங்கான நிலப்பகுதியில் கேல் என்றொரு சிறுநகர் உள்ளது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோரையும் உளநோயுற்றோரையும் தத்தம் மனைகளில் ஏற்று, குடும்பத்தாருள் ஒருவராக வைத்துப் பேணும் வழக்கம் அந்நகரத்தாரிடம் பல நூற்றாண்டுகளாக உண்டு. பழங்காலத்தில் இவ்விரு வகையாரும் அங்கே வேறுபிரிக்கப்பட்டிலர். ஆதலின் அந்நகரின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இருவரையும் சேர்த்தே காணவேண்டியுள்ளது. இவ்வழக்கம் சமயத்திற் பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், அதனை நிலைபெறச் செய்தது எது என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

திம்ப்னா என்னும் அயர்லாந்து அரசிளங்குமரியைப் பற்றிய கதை இதற்கு மூலமாகக் கூறப்படுகிறது. தாய் இறந்தபின் தந்தையே அவளை மணக்க விழைந்தான்; அவள் கெரெபெர்னுஸ் என்னும் குருவோடு கடல் கடந்து கேலுக்கு ஓடிவந்தாள்; பின்தொடர்ந்து வந்த தந்தை அங்கேயே அவள் தலையைக் கொய்தான். இந்நிகழ்ச்சி ஏறத்தாழக் கி.பி. 600-இல் நடந்ததாகக் கூறுவர். ஆயினும் கதை எழுத்துருப் பெற்றது 13-ஆம் நூற்றாண்டில், காம்பிரே நகர ஆயரின் வேண்டுகோளின்படியே ஆகும். இடையே ஆறு நூற்றாண்டுகள் கழிந்தமையின், இதனை வரலாறாகக் கொள்வதற்கில்லை. எனினும் மக்கள் அதனை நம்பினர் என்பது வரலாறு. அறிவு பிறழ்ந்த தந்தையை எதிர்த்து நின்றவள், அறிவு கலங்கியோர்க்குத் துணையாவாள் என எண்ணி அவள் கோயிலை நாடி வந்தனர்.

வந்தோர் ஒன்பது நாள் அங்குத் தங்கி நோன்பிருப்பர். புனிதையின் நினைவுப் பேழையின் கீழே தவழ்ந்து செல்வர். அவர்கள் தங்குவதற்கெனக் கோயிலை ஒட்டி 1480-இல் ஓர் அறை கட்டப்பட்டது. வருவோர் தொகை பெருகவே அவ்வறை போதவில்லை. இடம் கிட்டும் வரை காத்திருந்தோரையும், நோன்பு முடிந்தும் குணம் பெறாதோரையும் கோயிற் குருமார் சுற்றுப்புறக் குடியானவர் மனைகளில் தங்கவைத்தனர். இவ்விடத்தே நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். குணம் பெற்றோர் ஊர் திரும்பினர். குணம் பெறாதோரே கேலில் தங்கினர். எனவே, இந்நகரின் இல்லுறை முறை அற்புதத்தின் பயனாகத் தோன்றியது அன்று. அற்புதம் நிகழாமையின் பயனாகத் தோன்றியது என்றே கூறலாம்.

இக்கருத்திற்கு அரண் செய்யும் சான்றொன்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கிடைக்கின்றது. 1795-இல் பிரெஞ்சுக் குடியரசு இப்பகுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சமய அமைப்புகள் ஒடுக்கப்பட்டன. கோயிற் குருமார் கழகமும் கலைந்தது. சமயமே இம்முறையின் ஒரே தூணாக இருந்திருப்பின், அது அன்றே சாய்ந்திருக்கும். அவ்வாறு நிகழ்ந்திலது. 1803-இல் போந்தெகூலான் என்னும் ஆட்சியாளர், பிரஸ்ஸல்ஸ் மருத்துவமனையில் இழிநிலையிற் கிடந்த உளநோயாளரைக் கேல் நகருக்கு மாற்றினார். நகராட்சிகள் பொருள் கொடுத்தன, குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன. வருவோரை அனுப்பும் கை மாறிற்று. வரவேற்கும் வாயில் மாறவில்லை.

கேல் குற்றமற்ற ஊர் என்று கொள்ளுதல் தவறு. 1821-இல் அங்குச் சென்ற பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல், தங்குவோர் சிலர் காலில் விலங்கிடப்பட்டிருந்ததைக் கண்டார். கெண்ட் நகரத்து மருத்துவர் கிஸ்லேன் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். மணல் நிலத்து உழவர்க்கு உழைப்பவர் கை தேவைப்பட்டது. அரசு தரும் சிறுதொகையும் அவர்க்கு உதவிற்று. இவ்வூதியத்தை மறைத்து அன்பை மட்டும் பாராட்டுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அரசு மேற்பார்வையை மேற்கொண்டது. 1862-இல் சிறு மருத்துவமனை ஒன்று எழுந்தது. விலங்குகள் படிப்படியாக நீங்கின.

விலங்கு என்றவுடன் தமிழ் வாசகர்க்கு ஏர்வாடி நினைவிற்கு வருதல் இயல்பு. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள், தர்காவை நாடி வந்தோரைத் தங்கவைத்திருந்த தனியார் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். நம்பிக்கையே இரு ஊர்களுக்கும் மக்களை அழைத்து வந்தது. ஓரிடத்தில் அவர்கள் மனைக்குள்ளும், மற்றோரிடத்தில் கொட்டகைக்குள்ளும் சென்றனர். வேறுபாடு வழிபாட்டில் இல்லை, உறையுளில் உள்ளது.

கேலில் அவ்வுறையுள் எத்தகையது? தங்குவோரை அந்நகரத்தார் நோயாளர் என்று அழைப்பதில்லை. 'கொஸ்ட்கங்கர்' என்பதே வழக்கு. உணவும் உறையுளும் பெற்று உடன் வாழ்பவர் என்பது அதன் பொருள். அவர் குடும்பத்தாரோடு உண்பார், வயலிலும் அடுக்களையிலும் இயன்ற பணி செய்வார், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார், ஞாயிறுதோறும் அவர்களோடு கோயிலுக்குச் செல்வார். பெற்றோர் இறந்தபின் அவரைப் பேணும் கடமை மக்களுக்கு வந்துசேரும். ஒரே குடும்பத்தில் 50 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தோரும் உளர்.

பெல்ஜிய மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர் ஆதலின், தங்குவோர்க்கும் தங்குவிப்போர்க்கும் சமயத்தாற் பெரும் பிணக்கு எழவில்லை. மொழியாலேயே இடர் எழுந்தது. கேல் நகரத்தார் மொழி பிளெமிஷ். நாட்டின் தென்பகுதியினர் பிரெஞ்சு மொழியினர். மருத்துவமனைக் கூடத்தில் மொழி தெரியாமை ஓர் இடையூறு. வீட்டிலோ, அது வீட்டையே இல்லாமற் செய்துவிடும். அடுப்பருகே பேசப்படுவது விளங்காதவர் அக்குடும்பத்தவர் ஆதல் எங்ஙனம்? வளர்ச்சிக் குறைபாடு உடையோர் நடுவயதில் பிறிதொரு மொழியைக் கற்பர் என எதிர்பார்த்தலும் பொருந்தாது. இவ்வுண்மையை உணர்ந்தே, 1884-இல் பிரெஞ்சு மொழியினர்க்கென லியெர்னோ என்னும் தென்பகுதிச் சிற்றூரில் தனியொரு குடும்பக் குடியிருப்பு நிறுவப்பட்டது. கேல் பற்றி எழுதுவோர் பலர் இச்செய்தியை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுவர். எம் கருத்தில், திம்ப்னாவின் கதையினும் இதுவே பெரிதும் எண்ணத்தக்கது. லியெர்னோவில் புனிதையின் பேழை இல்லை. ஒன்பது நாள் நோன்பு இல்லை. மொழியொத்த குடும்பங்களே இருந்தன. அவற்றைக் கொண்டே அம்முறை அங்கு வேரூன்றிற்று.

1902-இல் ஆண்ட்வெர்ப் நகரிற் கூடிய அனைத்துலக மாநாடு குடும்பப் பேணலைச் சிறப்பாக ஆராய்ந்தது. 1938-இல் கேலில் தங்கியோர் தொகை 3,736 ஆக உயர்ந்தது, அதுவே உச்சம். பின்னர்ப் புதிய மருந்துகளும், உழவின் தளர்ச்சியும், மகளிர் வெளிவேலைக்குச் செல்லுதலும் அத்தொகையைக் குறைத்தன. 2003-ஐ ஒட்டி அது ஏறத்தாழ 500 ஆயிற்று. அவருள் கணிசமான பங்கினர் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர்.

1966 முதல் 1975 வரை, கொலம்பியாப் பல்கலைக்கழகத்து லியோ ஸ்ரோல் தலைமையில் இந்நகர் விரிவாக ஆராயப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட லூவென் பல்கலைக்கழக மானிடவியலார் யூஜின் ரூசன்ஸ் 1979-இல் வெளியிட்ட நூல் இன்றும் பயில்தற்குரியது. ஊரார் தங்குவோரை அஞ்சுவதுமில்லை, தமக்கு முற்றும் நிகராக நடத்துவதுமில்லை என்பது அந்நூலைக் கற்பார்க்குப் புலனாகும். 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம், மரபைக் காக்கும் நல்வழக்கங்களின் பதிவேட்டில் கேல் நகரின் இவ்வழக்கத்தைச் சேர்த்தது. ஏற்கும் குடும்பங்கள் அருகிவரும் காலத்தில் வந்த பதிவு அது.