‘மூவிங் அவுட்’: ஒரு ராக் நடன நிகழ்ச்சியும் வகைப்பெயர்ச் சிக்கலும்

அமெரிக்க அரங்க வரலாற்றில் ‘மூவிங் அவுட்’ பெற்ற வரவேற்பு ஒருபடித்தானதன்று. பில்லி ஜோயலின் ராக் பாடல்களைக் கொண்டு நடன ஆசிரியை டுவைலா தார்ப் அமைத்த இந்நிகழ்ச்சி 2002-ஆம் ஆண்டுக் கோடையில் சிகாகோவில் வெள்ளோட்டம் கண்டது. அக்டோபர் 24-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் முறைப்படி அரங்கேறியது. விமர்சகர் கருத்து வேறுபட்டமைக்குப் படைப்பின் தரம் மட்டுமன்றி, அதற்கு இடப்பட்ட வகைப்பெயரும் காரணமாயிற்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

லாங் ஐலண்டு இளைஞர் சிலர் வியட்நாம் போருக்குச் சென்று, ஒருவனை இழந்து, உளம் சிதைந்து மீள்வதே கதை. ஆடுவோர் எவரும் பேசுவதில்லை, பாடுவதுமில்லை. மேடைக்கு மேலமைந்த தளத்தில் பியானோ முன் அமர்ந்த பாடகர் ஒருவரே இசைக்குழுவுடன் பாடினார். எனவே பாடலில் வரும் ‘நான்’ யார், ‘நீ’ யார் என்பதை உடலே சுட்ட வேண்டியதாயிற்று. பதத்தை ஒருவர் பாட, அதன் தன்மையிடத்தை ஆடுபவர் ஏற்கும் பரதநாட்டிய மரபை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. ஆயினும் பதத்தில் தலைவி பெரும்பாலும் ஒருத்தியே. இங்கோ ஒரே குரலின் ‘நான்’ பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறுகிறது.

சிகாகோ விமர்சகர் பலர் முதற்பகுதி குழப்பமாக உள்ளது என்றனர். யார் எவர் என விளங்கவில்லை என்பதே குறையின் சாரம். வெளியூர் வெள்ளோட்டத்தை நியூயார்க் ஏடுகள் மதிப்பிடாமலிருப்பது வழக்கம். அதனை மீறி நியூஸ்டே நாளேடு சிகாகோ விமர்சனமொன்றை மறுபதிப்புச் செய்தது சலசலப்பை உண்டாக்கிற்று. தார்ப் விமர்சனங்களை ஒதுக்கவில்லை. குறைகளைத் தொகுக்கச் செய்து, பலரும் ஒத்துரைத்தவற்றைக் கருத்திற்கொண்டு பாத்திரங்களை அறிமுகம் செய்யும் தொடக்கத்தை மாற்றியமைத்தார். விமர்சனம் மூலபாடத்தையே திருத்திய அரிய சான்று இது.

பிராட்வேயில் பாராட்டு மிகுந்தது. எனினும் கதை மெலிது, பாத்திரங்கள் அச்சில் வார்த்தவை என்னும் குறை நீங்கவில்லை. ‘மியூசிக்கல்’ என்ற சொல்லே பாடும் நடிகரையும் உரையாடலையும் எதிர்பார்க்கச் செய்கிறது. இப்பூசல் முன்னரே தொடங்கியது: பதிவிசைக்கு ஆடப்பெற்ற ‘காண்டாக்ட்’ 2000-இல் சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருதைப் பெற்றபோது இசைக்கலைஞர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. ‘மூவிங் அவுட்’ அதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பெற்றும் 2003-இல் நடன அமைப்புக்கும் இசைக்கோப்புக்குமே விருது பெற்றது. இப்பெயரைத் தமிழாக்குவோர்க்கும் இடர்ப்பாடு உண்டு. ‘இசை நாடகம்’ எனின் சங்கரதாச சுவாமிகள் மரபு நினைவுக்கு வரும். ‘நாட்டிய நாடகம்’ எனின் கலாக்ஷேத்திராவே முன்னிற்கும். ‘மியூசிக்கல்’ என்றே ஒலிபெயர்த்தல் அழகன்று; பிழையுமன்று.

தார்ப்பிற்குச் சொல்லும் அசைவும் பற்றிய சிந்தனை புதிதன்று. பீச் பாய்ஸ் பாடல்களுக்கு அவர் 1973-இல் அமைத்த ‘டியூஸ் கூப்’ என்னும் ஆக்கத்தில், ஒருத்தி பாலே அடவுகளை அகராதி போல் அகர வரிசையில் ஆடிக்கொண்டேயிருப்பாள்!

‘மூவிங் அவுட்’ 2005 டிசம்பர் வரை 1,303 காட்சிகள் நடைபெற்றது. அடுத்து 2006-இல் பாப் டிலன் பாடல்களைக் கொண்டு தார்ப் அமைத்த நிகழ்ச்சியில் முதன்மைப் பாத்திரங்களே பாடினர். ‘நான்’ யார் என்னும் ஐயத்திற்கு அங்கு இடமில்லை. 28 காட்சிகளில் அது நின்றுபோயிற்று.