மாவ்ம்லூ குகைப் படிவும் சிந்துவெளி நகரங்களின் நலிவும்

முன்னுரை

சிந்துவெளி நகரங்கள் கைவிடப்பட்டமைக்குப் படையெடுப்பு, வெள்ளம், ஆறுகளின் தடமாற்றம் எனப் பல காரணங்கள் கூறப்பட்டுள்ளன. அண்மைக்காலத்தில் பருவமழைக் குறைவு முதன்மைப்படுத்தப்படுகிறது. இதற்குச் சான்றாக மேகாலயாவில் சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள மாவ்ம்லூ குகையின் சுண்ணப் படிவு எடுத்துக்காட்டப்படுகிறது. அச்சான்றின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

படிவு தரும் சான்று

மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கீழிறங்கும் மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. அந்நீர் குகைக்குள் சொட்டும்போது வாயு வெளியேற, சுண்ணம் தரையில் அடுக்கடுக்காகப் படிந்து மேல்நோக்கி வளர்கிறது. இதனைக் கசிதுளிப் படிவு என்பர். நீரில் கரையும் யுரேனியம் படிவினுள் சேர்கிறது. எளிதில் கரையாத தோரியம் மிகக் குறைவாகவே சேர்கிறது. பின்னர் யுரேனியம் சிதைந்து தோன்றும் தோரியத்தின் அளவைக் கொண்டு அடுக்கின் வயது கணிக்கப்படுகிறது. ஆக்சிஜன்-18 விகிதம் உயர்ந்துள்ள அடுக்குகள் பருவமழை வலுவிழந்த காலத்தைக் குறிக்கின்றன. மாவ்ம்லூ படிவில் அத்தகைய உயர்வு ஏறத்தாழ கி.மு. 2250 அளவில் காணப்படுகிறது. அதனை எல்லைக்குறியாகக் கொண்டே 2018இல் 'மேகாலயன்' என்னும் புவியியற்காலம் ஏற்கப்பட்டது.

காலமும் காரணமும்

சிந்துவெளியின் முதிர்ந்த நகரநிலை கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை எனத் தொல்லியலாளர் பொதுவாகக் கணிக்கின்றனர். எனவே, குகை காட்டும் மாற்றத்திற்குப் பின்னும் நகரவாழ்வு ஏறத்தாழ 350 ஆண்டுகள் நீடித்துள்ளது. வறட்சி நகரங்களை உடனே வீழ்த்தியது எனக் கொள்வதற்கு இவ்விடைவெளி இடந்தரவில்லை. மேலும், அதே குகையின் படிவுகளை நுண்ணிய காலஅளவில் ஆராய்ந்து 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், திடீரென நேர்ந்த ஒரே நெடும் வறட்சி தெளிவாகப் புலப்படவில்லை.

இடமும் கருதத்தக்கது. ஹரப்பா இக்குகையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சிந்துவெளி மக்கள் கோடைப் பருவமழையுடன் குளிர்கால மழையையும் இமயத்திலிருந்து வரும் ஆற்றுநீரையும் பயன்கொண்டனர்.

நகரநிலை முடிந்தபின் மக்கள் அழிந்துவிடவில்லை. கிழக்கே யமுனைப் பகுதியிலும் தெற்கே குஜராத்திலும் சிற்றூர்கள் பெருகின. எழுத்தும் முத்திரையும் படிப்படியாக வழக்கொழிந்தன. மழைக்குறைவுக்கு மக்கள் இடம்பெயர்ந்து ஈடுகொடுத்திருக்கலாம் என்பதே இச்சான்றுகளோடு பொருந்தும் கருத்தாகும்.

முடிவுரை

கசிதுளிப் படிவு மழையின் வரலாற்றை அளந்து காட்டுகிறது. அம்மழைமாற்றத்தை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அகழாய்வே கூறவியலும். இருவகைச் சான்றுகளின் காலக்கணிப்பும் ஒத்துவருமிடத்து மட்டுமே காலநிலையை வரலாற்றுக் காரணமாகக் கொள்வது முறையாகும்.