பாசி: நிறத்திலிருந்து மணிக்கு

துளையுள்ள சிறு கண்ணாடி மணியைத் தமிழில் பாசி என்பர். அதைக் கோத்த மாலைக்கும் தென்மாவட்டங்களில் பாசி என்றே பெயர். பசுமை, பச்சை ஆகிய சொற்களோடு ஒரே வேரில் பிறந்தது இச்சொல். பழந்தமிழில் பச்சை இலை பாசிலை, பாசடை என வழங்கியது. நீர்மேல் படர்வது பாசி. பச்சைப் பயறு பாசிப்பயறு. அவ்வாறே பச்சை மணி பாசிமணி ஆயிற்று. பிறகு நிறம் நழுவி மணி மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. இன்று கடையில் சிவப்புப் பாசி, கறுப்புப் பாசி என்று கேட்பது மிக இயல்பு.

கண்ணாடியே இந்த நழுவலுக்கு இடம் தந்திருக்க வேண்டும். செம்பு சேர்ந்த கண்ணாடி பச்சையாகும். காற்றுக் குறைந்த உலையில் அதே செம்பு செந்நிறம் தரும். ஒரே பட்டறையில் பல நிற மணிகள் பிறந்தன.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு அப்படிப்பட்ட பட்டறைகள் இருந்த இடம். 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். அங்கு கிடைத்த வகை மணிகளுக்குப் பின்னாளில் மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். இலங்கையின் மாந்தையிலும் வியட்நாமின் ஓக் இயோவிலும் இவ்வகை மணிகள் செய்யப்பட்டன. ஆப்பிரிக்கக் கரை முதல் கொரியா வரை இவை கிடைக்கின்றன. நம் திருவிழாக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு இவ்வளவு நீண்ட கடல்வழி உண்டு என்பது பெருமைக்குரியது.

மலிவுக்குக் காரணம் செய்முறை. ஒவ்வொரு மணியாகத் துளையிடுவதில்லை. உருகிய கண்ணாடியின் நடுவே துளை விழும்படி நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் துண்டு துண்டாக வெட்டுவார்கள். கூர்விளிம்பு மழுங்க, சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்குவார்கள். துளை அடைபடாமல் சாம்பல் காக்கும். ஒரே இழுப்பில் ஏராளமான மணிகள் கிடைத்துவிடும். ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இத்தொழில் நம் காலம் வரை நீடித்தது.

தமிழ்நாட்டில் பாசியை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்கள் நரிக்குறவர்கள். ஊசிமணி, பாசிமணி என்ற இணைப்பு அவர்கள் வணிகத்தோடு ஒட்டியது. விலை குறைவென்றாலும் மதிப்புக் குறைவில்லை: தமிழ் முஸ்லிம்களின் திருமணங்களில் மணமகள் அணியும் கருகமணியும் இவ்வகைச் சிறு மணிகளைக் கோத்ததே. இப்போது பிளாஸ்டிக்கில் வார்த்த மணியும் பாசி எனவே விற்கிறது. நிறத்தைப் போலவே கண்ணாடியும் சொல்லிலிருந்து விலகிவருகிறது.