விண்வெளிப் பறப்புப் பாவனை விளையாட்டுகளின் வரலாறு

விண்கலத்தை ஏவுதல், சுற்றுப்பாதையில் நிறுத்துதல், மற்றொரு கலத்துடன் இணைத்தல், நிலவிலோ வேறு கோளிலோ தரையிறக்குதல் ஆகியவற்றை இயற்பியல் விதிகளுக்கு உட்பட்டுக் கணினியில் செய்து பார்க்க உதவும் ஆட்டங்கள் விண்வெளிப் பறப்புப் பாவனை விளையாட்டுகள் எனப்படுகின்றன. பேச்சு வழக்கில் இவற்றை 'ஸ்பேஸ் சிமுலேட்டர்' என்பர். எதிரிக் கலங்களைச் சுட்டு வீழ்த்தும் விண்வெளி ஆட்டங்கள் ஏராளம். அவற்றில் விண்கலம் பெரும்பாலும் ஆகாய விமானம் போலவே ஓடும். விசையை நிறுத்தினால் நின்றுவிடும். பாவனை விளையாட்டில் விசையை நிறுத்தினாலும் கலம் நிற்காது. நியூட்டனின் முதல் விதி அங்கு நடைமுறையில் இருக்கிறது.

இவ்விளையாட்டுகள் கடந்த அறுபது ஆண்டுகளில் எவ்வாறு வளர்ந்தன, உண்மையான விண்வெளிப் பயணத்தில் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவிட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கம்: ஸ்பேஸ்வார்

1962-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசல் என்பவரும் அவருடைய நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற ஆட்டத்தை உருவாக்கினர். பிடிபி-1 என்ற கணினியின் வட்டத் திரையில் இரண்டு கலங்கள் ஒன்றையொன்று தாக்கும். அது போர் விளையாட்டுத்தான். ஆயினும் டான் எட்வர்ட்ஸ் என்பவர் திரையின் நடுவில் ஈர்ப்பு விசையுடைய ஒரு விண்மீனைச் சேர்த்தார். அதன்பின் ஆட்டத்தின் தன்மையே மாறியது. விண்மீனை நோக்கி விழாமலிருக்க, ஆடுபவர் அதைச் சுற்றிவரக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பீட்டர் சாம்சன் என்பவர் வானத்தின் உண்மையான விண்மீன்களைப் பின்னணியில் இடம்பெறச் செய்தார்.

இந்த ஆட்டத்தில் கலங்களை விண்மீன் ஈர்க்கும். அவை ஏவும் குண்டுகளை ஈர்க்காது. ஒவ்வொரு குண்டுக்கும் ஈர்ப்பைக் கணக்கிட அன்றைய கணினிக்கு வேகம் போதவில்லை. எந்தப் பாவனையும் இயற்கை முழுவதையும் தன்னுள் அடக்குவதில்லை. எதைக் கணக்கிடுவது, எதை விடுவது என்று உருவாக்குபவர் முடிவு செய்கிறார். பின்னாளில் வந்த எல்லா விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும்.

ஜெமினி 4 கற்பித்த பாடம்

விண்வெளியில் கலத்தை ஓட்டுவது நம் அன்றாட அனுபவத்துக்கு நேர்மாறானது. இதை உலகம் கண்கூடாகக் கண்டது 1965 சூன் 3 அன்று. அன்று ஏவப்பட்ட ஜெமினி 4 விண்கலத்தின் தலைவர் ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை மேலே கொண்டுவந்த டைட்டன் ஏவூர்தியின் இரண்டாம் கட்டத்தை நெருங்க முயன்றார். அதை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்துபொறியை இயக்கினார். நெருங்குவதற்குப் பதிலாக இடைவெளி கூடியது. எரிபொருள் வீணானதால் முயற்சி கைவிடப்பட்டது.

காரணம் எளிமையானது. சுற்றுப்பாதையில் முன்னோக்கி வேகத்தைக் கூட்டினால் பாதை உயர்கிறது. உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆகிறது. ஆகவே கலம் இலக்குக்குப் பின்தங்குகிறது. முன்னால் செல்லும் கலத்தைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். புவியிலிருந்து 200 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 88 நிமிடங்களும், 400 கி.மீ. உயரத்தில் ஏறத்தாழ 92 நிமிடங்களும் ஆகின்றன. தாழ்ந்த பாதையில் செல்லும் கலம் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் நான்கு நிமிடம் முந்துகிறது. இந்தக் கணக்கை முன்கூட்டியே செய்துகொண்டு சென்ற ஜெமினி 6ஏ, அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜெமினி 7-ஐ ஓரடி தொலைவு வரை நெருங்கியது.

இன்று பாவனை விளையாட்டைத் தொடங்கும் மாணவர் ஏறக்குறைய எல்லோரும் மெக்டிவிட் செய்த அதே தவற்றைச் செய்கின்றனர். கரும்பலகையில் பலமுறை எழுதிக் காட்டினாலும் பிடிபடாத இந்த உண்மை, இலக்கு கண்முன்னே விலகிச் செல்லும்போது ஒரே மாலையில் மனத்தில் பதிந்துவிடுகிறது.

1969: இரண்டு நிரல்கள்

மனிதன் நிலவில் கால் பதித்த 1969-ஆம் ஆண்டிலேயே இத்துறையின் இரண்டு முக்கிய நிரல்கள் எழுதப்பட்டன.

முதலாவது, பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய 'ஸ்பேஸ் டிராவல்'. சூரியக் குடும்பத்தில் கலத்தை ஓட்டிக் கோள்களிலும் துணைக்கோள்களிலும் இறக்குவதே ஆட்டம். வெற்றி தோல்வி எதுவும் இல்லை. பெரிய கணினியில் ஒருமுறை ஆடுவதற்குச் சுமார் 75 டாலர் கணினி நேரம் செலவானது. ஆகவே அதிகம் பயன்படுத்தப்படாமல் இருந்த பிடிபி-7 என்ற சிறிய கணினிக்கு அதை மாற்ற தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் முனைந்தனர். அந்தக் கணினியில் பெற்ற பயிற்சியின் தொடர்ச்சியாகவே யூனிக்ஸ் இயக்குதளம் பிறந்தது. இன்று இணைய வழங்கிகள் பலவற்றின் அடித்தளமாக இருப்பது யூனிக்ஸ் மரபாகும்.

இரண்டாவது, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஜிம் ஸ்டோரர் எழுதிய நிலவில் இறங்கும் ஆட்டம். அப்பல்லோ 11 தரையிறங்கிய சில மாதங்களில், பிடிபி-8 கணினியில், போக்கல் என்ற நிரல்மொழியில் அதை எழுதினார். இதில் படம் கிடையாது. தட்டச்சாகும் எண்கள் மட்டுமே. 120 மைல் உயரத்தில், மணிக்கு 3,600 மைல் வேகத்தில் கலம் இறங்கத் தொடங்கும். பத்து விநாடிக்கு ஒருமுறை எவ்வளவு எரிபொருள் எரிக்க வேண்டும் என்று நிரல் கேட்கும். ஆடுபவர் ஓர் எண்ணைத் தர வேண்டும். எரிபொருள் எரிய எரியக் கலத்தின் நிறை குறைவதையும் அந்த மாணவர் கணக்கில் கொண்டார். அதற்கு டெய்லர் தொடரைப் பயன்படுத்தினார்.

பின்னர் டேவிட் ஆல் இதை பேசிக் மொழிக்கு மாற்றி 1973-இல் தம் நூலில் வெளியிட்டார். அதிலிருந்து படித்துத் தட்டச்சு செய்தே பலர் கணினி கற்றனர். 1979-இல் அட்டாரி நிறுவனம் 'லூனார் லேண்டர்' என்ற பெயரில் கோடுகளால் வரைந்த காட்சியுடன் இதே கருத்தைக் காசு போட்டு ஆடும் இயந்திரமாக்கியது.

ஐம்பத்தைந்து ஆண்டுகள் மறைந்திருந்த பிழை

ஸ்டோரரின் நிரலுக்கு 2024-இல் ஒரு பிற்சேர்க்கை கிடைத்தது. மார்ட்டின் சி. மார்ட்டின் என்பவர் அதன் மூல நிரலை ஆராய்ந்தார். எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட, கடைசித் தருணம் வரை கலத்தை விழவிட்டு, பின் முழு விசையுடன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது கோட்பாடு. அவர் அந்த உத்தியைச் சோதித்தபோது விடை பொருந்தவில்லை. கலம் மிகத் தாழ்ந்த புள்ளியை எட்டும் நேரத்தைக் கணிக்கும் சமன்பாட்டில், வர்க்கமூலத்தின் உள்ளே ஓரிடத்தில் இரண்டால் வகுப்பது விடுபட்டிருந்ததைக் கண்டறிந்தார். பேசிக் வடிவத்திலும் அதே பிழை அப்படியே இருந்தது.

இதனால் ஸ்டோரரின் பெருமை குறையவில்லை. பள்ளி மாணவர் ஒருவர் டெய்லர் தொடரைக் கொண்டு நிலவுக் கலத்தை இறக்கினார் என்பதே வியப்புக்குரியது. ஆனால் பல்லாயிரம் பேர் ஆடிய ஆட்டத்தில் விடையைச் சரிபார்க்க அத்தனை ஆண்டுகள் ஆயின. திரையில் எண் வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது மனித இயல்பு.

சுற்றுப்பாதை இயக்கவியலின் வருகை

1980-களில் வீட்டுக் கணினிகள் பரவின. 1984-இல் டேவிட் பிராபன், இயன் பெல் இருவரும் வெளியிட்ட 'எலைட்' பெரும் புகழ் பெற்றது. ஆனால் அதில் கலம் விமானம் போலவே பறந்தது. 1993-இல் வந்த அதன் அடுத்த பாகமான 'பிரான்டியர்' நியூட்டன் விதிகளைக் கையாண்டது. 1994-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஒரு விண்வெளிப் பாவனை மென்பொருளை வெளியிட்டது.

2000-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர் மார்ட்டின் சுவைகர் 'ஆர்பிட்டர்' என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். இதில் பகைவரோ மதிப்பெண்ணோ இல்லை. விண்கலமும் சூரியக் குடும்பமும் சில அளவீட்டுத் திரைகளும் மட்டுமே உண்டு. பாதையின் அண்மைநிலை, சேய்மைநிலை, சாய்வு, சுற்றுக்காலம் ஆகியவற்றைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரிந்தால்தான் எங்கும் போக முடியும். பல விண்பொருள்களின் ஈர்ப்பை ஒரே நேரத்தில் இது கணக்கிடுகிறது. 2021-இல் இதன் மூல நிரலும் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது.

கெர்பல் விண்வெளித் திட்டம்

இத்துறையை இலட்சக்கணக்கானோரிடம் கொண்டு சேர்த்தது 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' ஆகும். மெக்சிகோ நகரின் ஸ்குவாட் நிறுவனத்தில் பணியாற்றிய பிரேசில் நாட்டவர் பெலிப்பே பலாஞ்சே இதை உருவாக்கினார். சிறு வயதில் தகரத்தாளில் பொம்மைகள் செய்து வாணவெடிகளில் பொருத்தி அவர் விளையாடியதே இதன் வித்து. முதற்பதிப்பு 2011 சூன் 24 அன்றும், முழுப் பதிப்பு 2015 ஏப்ரலிலும் வெளிவந்தன.

இதில் ஆடுபவர் தாமே ஏவூர்தியைக் கட்ட வேண்டும். எரிபொருள் கலன், எந்திரம், குடைவிரிப்பு, கால்கள் என ஒவ்வொன்றாகப் பொருத்தி ஏவ வேண்டும். பெரும்பாலும் முதல் ஏவூர்தி வெடிக்கும். ஏன் வெடித்தது என்று யோசிப்பதில்தான் பாடம் தொடங்குகிறது.

விளையாட்டின் கோளான கெர்பினின் ஆரம் 600 கி.மீ. மட்டுமே. புவியின் ஆரம் 6,371 கி.மீ. ஆனால் தரைமட்ட ஈர்ப்பு இரண்டிலும் ஒன்றே. கோள் சிறியதாக இருப்பதால் அங்கே தாழ்ந்த சுற்றுப்பாதையில் நிலைக்க விநாடிக்குச் சுமார் 2.3 கி.மீ. வேகம் போதும். புவியில் ஏறத்தாழ 7.8 கி.மீ. வேண்டும். ஆடுபவர் சலிப்படையாமலிருக்க இந்த மாற்றம் வேண்டுமென்றே செய்யப்பட்டது.

இன்னொரு சுருக்கமும் உண்டு. இதில் கலத்தை ஒரு நேரத்தில் ஒரு விண்பொருள் மட்டுமே ஈர்க்கும். ஒன்றின் எல்லையைக் கடந்ததும் மற்றொன்றின் ஈர்ப்பு தொடங்கும். 1969-இல் தாம்சனின் ஆட்டத்திலும் மிகுதியான ஈர்ப்புடைய ஒரே பொருளின் விசை மட்டுமே கணக்கிடப்பட்டது. இந்தச் சுருக்கத்தால் கெர்பல் விளையாட்டில் லெக்ராஞ்சு புள்ளிகள் இல்லை. 2024 சனவரி 6 அன்று எல்-1 புள்ளியை அடைந்த இந்தியாவின் ஆதித்யா கலத்தின் பாதையை இவ்விளையாட்டின் அடிப்படை வடிவில் ஆடிக்காட்ட இயலாது.

ஆயினும் இதன் கல்விப் பயனை விண்வெளி நிறுவனங்கள் உணர்ந்தன. 2014-இல் சிறுகோள் திட்டம் ஒன்றையொட்டி நாசாவும், 2020-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் இவ்விளையாட்டுடன் இணைந்து செயல்பட்டன. 2020 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம், தன் டிராகன் கலத்தைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துடன் இணைக்கும் பாவனையை உலாவியிலேயே ஆடும்படி வெளியிட்டது. விண்வெளி வீரர்கள் பயன்படுத்தும் கட்டுப்பாட்டுத் திரையின் அமைப்பே அதில் இருந்தது.

பாவனையும் உண்மையும்

2023 சூலை 14 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-3 உடனே நிலவுக்குச் செல்லவில்லை. புவியைச் சுற்றி ஒவ்வொரு முறையும் அண்மைநிலைக்கு வரும்போது எந்திரத்தை இயக்கிச் சேய்மைநிலையை உயர்த்திக்கொண்டே சென்றது. ஆகஸ்ட் 5 அன்று நிலவின் சுற்றுப்பாதையை அடைந்தது. ஏன் இத்தனை சுற்று என்று அப்போது பலர் கேட்டனர். சிறிய எந்திரத்தைக் கொண்டு, வேகம் மிகுந்த இடத்தில் எரிபொருளைச் செலவிட்டு அதிகப் பயன் பெறும் முறை அது. கெர்பல் ஆடிய பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்கும்.

அதே நேரத்தில் பாவனையின் எல்லையையும் நிலவே நமக்கு உணர்த்தியது. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. இறங்கும்போது வேகம் குறைந்த அளவு திட்டமிட்டதிலிருந்து மாறுபட்டது. அதனால் அடுத்த கட்டம் வடிவமைப்பின் வரம்புக்கு வெளியே தொடங்க நேர்ந்தது என்று பின்னர் விளக்கப்பட்டது. நாம் எண்ணிப் பார்த்த நிலைமைகளை மட்டுமே பாவனை சோதிக்கும். எண்ணிப் பாராத நிலைமை வரும்போது அது கைகொடுப்பதில்லை. அடுத்த திட்டத்தில் என்னென்ன தவறக்கூடும் என்பதிலிருந்தே இஸ்ரோ தொடங்கியது. தரையிறங்கும் பரப்பையும் 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கி.மீ. நீளமும் 2.4 கி.மீ. அகலமும் கொண்டதாக விரித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் பத்திரமாக இறங்கியது.

விளையாட்டில் கலம் நொறுங்கினால் முந்தைய நிலைக்குத் திரும்பி மீண்டும் தொடங்கலாம். பல மாதப் பயணத்தை நேரத்தை விரைவுபடுத்திச் சில நிமிடங்களில் முடிக்கலாம். எடையின்மையில் மனித உடல் படும் பாடு திரையில் தெரிவதில்லை. பணம் செலவாவதும் இல்லை. இவையெல்லாம் பாவனை விட்டுவிட்டவை.

மாணவர் கவனத்திற்கு

இவ்விளையாட்டுகளை ஆடும் மாணவர் ஒரு குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. கலத்தின் உயரத்தையும் வேகத்தையும் குறித்துக்கொண்டு, பாடநூலில் உள்ள சுற்றியக்கத் திசைவேக வாய்ப்பாட்டில் இட்டு, திரை காட்டும் எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்கள் பொருந்தினால் வாய்ப்பாடு மறக்காது. பொருந்தாவிட்டால் தவறு தம்முடையதா, விளையாட்டினுடையதா என்று தேட வேண்டும். பெரும்பாலும் தவறு நம்முடையதாகவே இருக்கும். எப்போதாவது, ஸ்டோரரின் நிரலில் நேர்ந்ததுபோல, விளையாட்டினுடையதாகவும் இருக்கலாம்.