நௌடங்கி: இளவரசியின் பெயர் ஏளனச் சொல்லான வரலாறு

இந்தி வழங்கும் வட்டாரங்களில், பொய்க்கண்ணீர் வடிப்பவரையும் மிகையான பாவனை காட்டுபவரையும் ‘நௌடங்கி செய்யாதே’ என்று அதட்டுவது வழக்கம். எதிர்க்கட்சியின் போராட்டத்தை வெறும் நடிப்பு என்று தள்ளவும் அரசியல் மேடைகளில் இச்சொல்லே பயன்படுகிறது. ஆனால், இதன் பிறப்பில் இழிவு இல்லை.

நௌடங்கி என்பது நாட்டார் கதையொன்றில் வரும் முல்தான் இளவரசியின் பெயர். ‘நௌ’ என்பது ஒன்பது. ‘டங்க்’ என்பது பழைய சிற்றெடை. ஏறத்தாழ 36 கிராம் எடையே உடைய மெல்லியலாள் என்று பெயருக்கு விளக்கம் கூறுவர். அண்ணியின் குத்தல்மொழி தாளாமல் வீட்டைவிட்டுப் புறப்பட்ட பூல்சிங், பெண்வேடம் பூண்டு அவளை அடைவதே கதை. ‘சுவாங்’, ‘சங்கீத்’ என வழங்கிய இசைநாடகம் இக்கதையை விரும்பி ஆடியது. காலப்போக்கில் தலைவியின் பெயரே கலையின் பெயராயிற்று.

இக்கலை ஹாத்ரஸிலும் கான்பூரிலும் இரு பாணிகளாகச் செழித்தது. ஒலிபெருக்கி வருவதற்கு முன், திறந்தவெளியில் இரவு முழுதும் ஆட்டம் நடக்கும். நகாரா முழக்கத்தை மீறிப் பாட்டு கடைசி வரிசையை எட்டவேண்டும். ஓங்கிய குரலும் விரிந்த கையசைவும் அந்தத் தேவையில் பிறந்தவை. இன்று ‘மிகை’ என நகைக்கப்படுவது, அன்று தொழில் நுணுக்கம்.

நெடுங்காலம் பெண்வேடங்களை ஆண்களே ஏற்றனர். 1930களில் பெண்கள் மேடையேறினர். அவர்களுள் முதன்மையானவர், பேடியா சமூகத்தில் பிறந்த குலாப் பாய். பின்னாளில் சொந்தக் குழு நடத்திய அவருக்கு 1990இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆயினும், மேடையேறிய பெண்ணை ஒழுக்கம் குறைந்தவளாகக் காணும் பார்வை விலகவில்லை. பணீஷ்வர்நாத் ரேணுவின் சிறுகதையிலிருந்து 1966இல் உருவான ‘தீஸ்ரீ கசம்’ திரைப்படத்தின் ஹீராபாய், இப்பார்வையின் சுமையைத் தாங்கும் நௌடங்கிக் கலைஞரே.

ஆகவே, சொல்லின் இழிவை வெறும் பொருள்திரிபாகக் கொள்ள இயலாது. கலையை இரவில் கண்டு மகிழ்ந்து, கலைஞரைப் பகலில் விலக்கிய சமூகத்தின் தீர்ப்பு அதில் படிந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். தமிழுக்கும் இது புதிதன்று. ‘கூத்தடிக்காதே’ என்னும் கண்டிப்பிலும், ‘கூத்தாடி’ என்னும் வசையிலும் அதே தீர்ப்பு ஒலிக்கிறது. நடிப்பைப் பொய்யென்று பழிக்கும் சொற்களுக்கு, நடித்துப் பிழைத்தவர்களே பெயர் தந்திருக்கிறார்கள்.