பக்கவாதத்துக்குப் பிறகு யோகா செய்யலாமா? செய்யக்கூடாதது என்ன?

"அப்பாவுக்கு வாதம் அடிச்சிருச்சு, யோகா செஞ்சா சரியாகுமா?" ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு பல குடும்பங்களில் எழும் கேள்வி இது. பதில்: யோகா உதவலாம். ஆனால் மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் அது மாற்று கிடையாது.

விழுவதுதான் பெரிய பிரச்னை

பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒரு பக்கம் பலவீனமாகிவிடும், சமநிலை தடுமாறும். பாத்ரூமில் ஒருமுறை வழுக்கினால் போதும், இடுப்பு எலும்பு உடையலாம். அந்தப் பயத்திலேயே பலர் கட்டிலைவிட்டு இறங்க மாட்டார்கள். நடக்காமல் இருந்தால் தசை இன்னும் தளரும். மூச்சைக் கவனித்து, மெதுவாக, மனதை ஒருமுகப்படுத்திச் செய்யும் பயிற்சிகள் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

சீனாவின் தாய் சி பயிற்சியை வைத்து அமெரிக்காவில் 145 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. தாய் சி செய்த குழுவில் விழுந்த சம்பவங்கள் 5. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் 15.

யோகாவுக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. 2012-ல் 47 பேரிடம் 8 வாரம் நடந்த சிறிய ஆய்வில், யோகா செய்தவர்களுக்குச் சமநிலை மேம்பட்டது, விழும் பயமும் குறைந்தது. ஆனால் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. 2017-ல் காக்ரேன் அமைப்பு அலசியபோது தேறியது இரண்டே ஆய்வுகள், மொத்தம் 72 பேர். 'யோகாவால் பக்கவாதம் குணமானது' என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மறுபடியும் பக்கவாதம் வரலாம்.

எப்படிச் செய்வது?

முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். பிறகு கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தே தொடங்கலாம். தோளைச் சுழற்றுவது, நல்ல கையால் பலவீனமான கையைத் தாங்கி மெல்ல உயர்த்துவது, நிதானமாக மூச்சை இழுத்து விடுவது போதும். எழுந்து நிற்கும்போது பலவீனமான பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு விலகிவிடும். பாசத்தில் வீட்டில் உள்ளவர்கள் அதிகம் செய்யும் தப்பு இதுதான்.

சிரசாசனம், தலையைக் கீழே தொங்கவிடும் ஆசனங்கள், மூச்சை அடக்குவது, கபாலபாதி வேண்டாம். தலைசுற்றினால் உடனே நிறுத்த வேண்டும். புதிதாக வாய் கோணினால், பேச்சு குழறினால் 108-தான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

மறைமலைநகரில் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

மின்சார ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசின் சர்வதேச யோகா மற்றும் இயற்கை மருத்துவ அறிவியல் நிறுவனமும் அதே ஊரில்தான். முதலில் மருத்துவமனையில் காட்டிவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துக்கொண்டு யோகா மருத்துவரைப் பார்க்கலாம். பயணம் செய்ய முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.