கோடு கீறிய போர்க்களம்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியால் சற்றுத் தூரம் சென்றால் அலுவிகாரை வரும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னனின் காலத்தில், அதுவரை பிக்குகளின் மனனத்தில் மட்டுமே இருந்த பௌத்த மறைநூல்கள் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டன என்பது வரலாறு. பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய காலம் அது. மனனம் செய்தவர்கள் மறைந்தால் மனனமும் மறைந்துவிடும் என்ற அச்சமே எழுத்தாணியை எடுக்க வைத்தது. மறைநூலையும் விளையாட்டையும் ஒரே தட்டில் வைக்க நான் முற்படவில்லை. ஆனால் அந்த அச்சம் எனக்கு விளங்குகிறது. நான் எழுத வந்ததும் ஏட்டில் ஏறாத ஒன்றைப் பற்றித்தான்.

எங்கள் ஊரில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. கேட்டால் ‘கோடு கீறி விளையாடுறது’ என்பார்கள். அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஐந்து என இருபத்தைந்து புள்ளிகள். அவற்றை இணைக்கும் நேர்கோடுகள், மூலைக்கோடுகள். எதிரெதிர்ப் பக்கங்களின் நடுப்புள்ளியிலிருந்து வெளியே விரியும் இரண்டு முக்கோணங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிகள். ஆக முப்பத்தேழு. ஆளுக்குப் பதினாறு காய்கள். ஒருவருக்குச் சோளமணி, மற்றவருக்குப் புளியங்கொட்டை. தனது முக்கோணத்தில் ஆறும், அதையடுத்த இரண்டு வரிசைகளில் பத்துமாகப் படை நிற்கும். நடுவரிசையின் ஐந்து புள்ளிகளும் வெறுமை. கோட்டின் வழியே ஒரு புள்ளி நகரலாம். எதிரியின் காய்க்கு அப்பால் இடமிருந்தால் தாண்டி வெட்டலாம். வங்காளத்தில் இதையே ‘ஷோலோ குட்டி’, அதாவது பதினாறு காய், என்கிறார்கள்.

என் வாப்பாவின் வாப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வெளித்திண்ணையில் இதை விளையாடுவார்கள். சீமெந்து காயுமுன் ஆணியால் கீறிய கோடுகள் அங்கே இருந்தன. பிற்காலத்தில் திண்ணைக்கு மாபிள் பதித்தார்கள். கோடுகள் அடியில் போயின. கோடு போனது பெரிய நட்டமில்லை, கரித்துண்டு இருந்தால் வேறிடத்தில் கீறலாம். கீறத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போனதுதான் நட்டம்.

இலங்கையின் இத்தகைய விளையாட்டுகளைத் தேடிப் பதிந்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி பார்க்கர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த ஆங்கிலேயர். குளக்கட்டுகளை அளக்கப் போன இடங்களில் கிராமத்துக் கதைகளையும் விளையாட்டுகளையும் சேர்த்துக்கொண்டார். 1909இல் இலண்டனில் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்னும் அவரது நூலில் விளையாட்டுகளுக்கென ஓர் அத்தியாயமே உண்டு. சிறுத்தைகளும் மாடுகளும் மோதும் ஆட்டம் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டார் மூன்று புலியும் பதினைந்து ஆடும் வைத்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தின் உறவுக்காரன். அதே நூலில், நான்கு பக்கமும் முக்கோணம் வைத்த நாற்பத்தொன்பது புள்ளிக் களத்தில் ஆளுக்கு இருபத்துமூன்று காய்களோடு ஆடும் ‘பெரலிகட்டும’ வருகிறது. ‘பெரலி’ என்றால் சிங்களத்தில் கலகம், கொந்தளிப்பு. எங்கள் திண்ணையில் நடந்தது இதன் தம்பி என்று சொல்லலாம்.

பார்க்கர் எகிப்தின் குர்ணா ஆலயக் கூரைக் கற்களிலும் இதையொத்த கோடுகளைக் கண்டு, கோயில் கட்டப்பட்ட காலத்தையே கோட்டுக்கும் கொடுத்துவிட்டார். பின்வந்தோர் அதை ஏற்கத் தயங்கினர். கல்லுக்கு வயது மூவாயிரத்துக்கு மேல் இருக்கலாம். அதன்மேல் கீறியவனுக்கு எத்தனை வயது என்று கல் சொல்லாது. இந்த விடயத்தில் பின்வந்தோர் பக்கமே நியாயம் என்பேன்.

இதைவிட உறுதியான தடம் அரபு மொழியில் உண்டு. கி.பி. 967இல் காலமான அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானியின் ‘கிதாபுல் அகானி’ என்னும் மாபெரும் தொகுப்பில் ‘கிர்க்’ என்ற விளையாட்டின் பெயர் வருகிறது. பெயர் மட்டும்தான். எப்படி ஆடுவது என்று எழுதவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்? அரபு மக்களோடு அது அந்தலூஸியாவுக்குப் போயிற்று. 1283இல் காஸ்டிலின் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ எழுதுவித்த விளையாட்டு நூலில்தான் ‘அல்கெர்கே’ என்ற பெயரில் விதியோடு இடம்பிடித்தது. களம் நமது இருபத்தைந்து புள்ளிகளேதான், முக்கோணம் இல்லை. காய்கள் ஆளுக்குப் பன்னிரண்டு. இதைச் சதுரங்கப் பலகையில் ஏற்றியதால் பிறந்ததே நாம் டாம் என்று ஆடும் விளையாட்டு என்பது, பலகை விளையாட்டுகளின் வரலாற்றை எழுதிய மரே முதலியோரின் கருத்து.

அல்ஃபோன்ஸோவின் நூலிலும் விதிகள் சுருக்கம். அதை வைத்து ஆடினால் இருவரும் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருக்கலாம், முடிவு வராது. 1960இல் நூல் எழுதிய ஆர்.சி. பெல் என்னும் ஆங்கிலேய வைத்தியர், காய்கள் பின்வாங்குவதைத் தடுக்கும் விதிகளைத் தாமே சேர்த்தார். ஆட்டம் பிழைத்தது. ஆனால் பெல்லின் விதிகளைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் விதிகள் என்று நம்பி ஆடுவோரும் இன்று உண்டு. எனக்கு இதுவே பெரிய பாடமாக அமைந்தது.

சதுரங்கத்துக்கு இந்தக் கதி நேரவில்லை. அப்பாஸியர் காலத்து அல் அத்லியும், அவருக்குப் பின் அஸ் ஸூலியும் ஷத்ரஞ்சைப் பற்றித் தனி நூல்களே எழுதினார்கள். அவை நேரடியாகக் கிடைக்காவிட்டாலும் பின்னோர் எடுத்தெழுதிய பிரதிகளில் தப்பின. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் ராணிக்குப் புது வலிமை கொடுத்து ஆட்டத்தையே மாற்றிவிட்ட பிறகும், பழைய ஷத்ரஞ்சை ஒருவர் இன்றும் பிசகாமல் ஆடலாம். அரசவை ஆட்டத்துக்கு அறிஞர் கிடைத்தார். திண்ணை ஆட்டத்துக்கு யார் கிடைப்பார்?

சில வருடங்களுக்கு முன் எனது பாடசாலையில் தரம் ஏழு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். முதல் நாளே சண்டை. “சேர், வெட்டக் கிடைச்சா வெட்டியே ஆகணுமா? விட்டுட்டுப் போகலாமா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. சிறு கேள்வி போலத் தெரியும். ஆனால் களத்தைப் பாருங்கள்: ஆரம்பத்தில் நடுவரிசை மட்டுமே வெறுமை. முதலில் நகர்த்துபவர் எந்தக் காயை அங்கே வைத்தாலும், அது விட்டுவந்த புள்ளி காலியாகிவிடுகிறது. மூலைக்கோட்டால் நடுவரிசையின் ஓரப் புள்ளிக்குப் போனாலொழிய, கோட்டின் மறுமுனையில் நிற்கும் எதிரிக்கு அதுவே தாண்டி இறங்கும் இடம். ஆக முதல் காய் பெரும்பாலும் வெட்டுப்படும் இடத்திலேயே நிற்கிறது. வெட்டியவனையும் பின்வரிசை உடனே வெட்டும். அப்படி நிற்கும்போது வெட்டுவது கட்டாயம் என்றால் ஆட்டம் இரு தரப்பிலும் ஓர் உயிர்ப்பலியோடுதான் தொடங்க வேண்டும். கட்டாயமில்லை என்றால் எதிரி மறுத்துவிட்டு அணிவகுக்கலாம். அந்த ஒரு விதியில் இரண்டு வெவ்வேறு போர்கள் இருக்கின்றன.

ஊரில் மிஞ்சியிருந்த மூத்தவர்கள் மூவரிடம் போனேன். இருவர் “கட்டாயம்” என்றார்கள். மூன்றாமவர், எண்பதைத் தாண்டியவர், சிரித்தார். “அது ஆளைப் பொறுத்தது மகன். சின்னவனோட ஆடினா கட்டாயம் எண்டு சொல்லுவோம், அவன் படிக்கணுமே. சரிக்குச் சரியா ஆடினா அவனவன் விருப்பம்.” எந்த நூலிலும் நான் காணாத விதி இது. அந்த வருடமே அவர் வபாத்தானார்.

இடையில் ஒரு பெற்றோர் வந்து, இது சூதாட்டமில்லையா என்று கேட்டார். கேட்க உரிமையுள்ள கேள்வி. பகடையை உருட்டும் நர்தைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. சதுரங்கத்தைப் பற்றி இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள். பந்தயமும் தொழுகை தவறுதலும் இல்லாதவிடத்து அது மக்ரூஹ், ஹராமல்ல என்பது நமது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. எங்கள் ஆட்டத்தில் பகடையும் இல்லை, பணமும் இல்லை. பாங்கு சொன்னால் காய்களைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட வேண்டும் என்பதை விதியாகவே சேர்த்தோம். அவர் மகளும் இப்போது ஆடுகிறாள். பின்வரிசையைக் கடைசிவரை கலைக்காமல் வைத்திருக்கும் கெட்டிக்காரி.

பிறகு ஒரு கடதாசியில் விதிகளை எழுதினோம், இரண்டு நிரலாக. முதல் நிரலில் மூத்தவர்கள் சொன்னவை, அவர்கள் முரண்பட்ட இடத்தில் முரண்பாட்டோடு. இரண்டாம் நிரலில் நாங்கள் சேர்த்தவை: ஒரே காய் ஒரே இரு புள்ளிகளுக்கிடையே மூன்று தடவை போய்வந்தால் ஆட்டம் சமன், பாங்கு விதி முதலியன. வகுப்புப் போட்டிக்கு வெட்டுக் கட்டாயம். இடைவேளை ஆட்டத்துக்கு, தொடங்குமுன் இருவரும் பேசிக்கொள்ள வேண்டும்.

சென்ற வருடம் பக்கத்துச் சிங்களப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் அந்தக் கடதாசியைக் கேட்டார். இருவருமாக உட்கார்ந்து சிங்களத்தில் எழுதினோம். அவருடைய ஊரில், வெட்ட மறந்தவனின் காயை எதிரி ஊதி எடுத்துவிடுவானாம். எங்களில் எவருக்கும் அது தெரியாது. மூன்றாவது நிரல் ஒன்று கீறி, ஊரின் பெயரைத் தலைப்பில் போட்டு, அதையும் எழுதி வைத்தோம்.